சொந்தமாகக் கட்டிய கெர்னலில் குறுந்தகடு திறக்கவில்லை. திறந்த பிறகு பெயரெல்லாம் கேள்விக்குறி

#1 · பனங்காட்டான் · வெள்ளி, இரவு 10.12

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் செய்யாற்றுக்குப் பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து பத்து இரவு நடக்கும். அப்பா முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்து, மடியில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொள்வார். 2004 முதல் 2008 வரை அப்படிப் பதிந்தவற்றை டவுனில் ஒரு கணினி மையத்தில் கொடுத்துக் குறுந்தகடுகளாக எழுதி வாங்கி வைத்தார். அவர் போன பிறகு பிஸ்கட் டப்பாவைத் திறந்து எண்ணினேன். நாற்பத்தொன்று.

என்னிடம் இருப்பது குறுந்தகடு டிரைவே இல்லாத மடிக்கணினி. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் 6.6 வரிசையை நானே கட்டமைத்துத் தொகுத்துப் பயன்படுத்துகிறேன். அன்று மெனுவில் தேவையற்றதை எல்லாம் வெட்டியபோது, ‘சிடிரோம்/டிவிடி ஃபைல்சிஸ்டம்ஸ்’ என்ற பிரிவு முழுவதற்கும் ‘என்’ போட்டதாக நினைவு. இப்போது யூஎஸ்பி வழியாகச் செருகும் டிரைவ் ஒன்று வாங்கினேன். விளக்கு எரிகிறது, தகடு சுழலும் ஓசையும் கேட்கிறது. ஆனால் கருவிகள் தெரியும் ‘டெவ்’ அடைவில், குறுந்தகடு டிரைவுக்கு வர வேண்டிய ‘எஸ்ஆர்0’ தோன்றவே இல்லை. கோப்பு முறைமையை வெட்டியதால்தான் டிரைவே தெரியவில்லையா?

#2 · கொக்கரக்கோ · வெள்ளி, இரவு 10.31

பக்கத்து வீட்டுக் கணினியில் போட்டு நகலெடுத்தால் ஐந்து நிமிட வேலை. கொசுவுக்குப் பீரங்கியா?

#3 · பழுதுநீக்கி · வெள்ளி, இரவு 11.05

கொக்கரக்கோ சொல்வது நியாயம்தான், ஆனால் கேட்டது அதுவல்லவே.

தம்பி, இரண்டு தனித்தனி அடுக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். டிரைவ் என்ற கருவி கெர்னலுக்குத் தெரிவது ஓர் அடுக்கு. அந்தக் கருவியில் சுழலும் தகட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிவது வேறோர் அடுக்கு. ‘எஸ்ஆர்0’ வரவில்லை என்றால் முதல் அடுக்கிலேயே ஓட்டை.

யூஎஸ்பி டிரைவுக்கு ‘யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் சப்போர்ட்’ வேண்டும். பென் டிரைவ் வேலை செய்கிறதென்றால் அது உங்களிடம் இருக்கிறது. அடுத்து ‘ஸ்கஸி சிடிரோம் சப்போர்ட்’. ஸ்கஸி என்பது பழைய வட்டு இணைப்பு முறை. ‘என்னிடம் ஸ்கஸி கருவி எதுவும் இல்லையே’ என்று பலர் இதைத்தான் வெட்டிவிடுவார்கள். சாட்டாவானாலும் யூஎஸ்பியானாலும் இன்று லினக்ஸில் எல்லாக் குறுந்தகடு டிரைவும் ஸ்கஸி வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஐடிஈ டிரைவுகளுக்கென்று இருந்த பழைய துணைத்தொகுதியை 2021இல் 5.14ஆம் பதிப்போடு நீக்கியே விட்டார்கள். ஆகவே இந்தப் பெயர் வரலாற்றுச் சின்னம் மட்டுமே. இதன் மாட்யூல், அதாவது வேண்டும்போது கெர்னலில் ஏற்றும் துண்டு, ‘எஸ்ஆர்_மாட்’ என்ற பெயரில் இருக்கும்.

தகடு எழுதும் எண்ணமும் இருந்தால் ‘ஸ்கஸி ஜெனரிக்’கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இரண்டாம் அடுக்குக்கு, ‘ஃபைல் சிஸ்டம்ஸ்’ மெனுவின் உள்ளே நீங்கள் வெட்டிய அதே பிரிவுக்குப் போங்கள். குறுந்தகட்டின் கோப்பு முறைமையான ‘ஐஎஸ்ஓ 9660’க்கு ‘எம்’, அதாவது தனி மாட்யூல். அதை இயக்கியதும் கீழே இரண்டு கிளைகள் தெரியும்: ‘மைக்ரோசாஃப்ட் ஜோலியட்’, ‘டிரான்ஸ்பேரன்ட் டிகம்ப்ரஷன்’. முதலாவது நீண்ட பெயர்களுக்கானது, அதற்குக் கட்டாயம் ‘ஒய்’. எக்ஸ்பி காலத்துத் தகடு என்கிறீர்கள், அதில் ஜோலியட் இல்லாமலிருக்காது. இரண்டாவது ‘ஸிசோஎஃப்எஸ்’, அதாவது சுருக்கி எழுதிய கோப்புகளைப் படிக்கும்போதே விரித்துக் கொடுக்கும் லினக்ஸின் சொந்த நீட்சி. உங்கள் அப்பாவின் கணினி மையத்துக்காரர் அதைத் தொட்டிருக்க மாட்டார். கடைசியாக டிவிடிகளுக்கான ‘யூடிஎஃப்’ கோப்பு முறைமை, அதற்கும் ‘எம்’. டப்பாவில் டிவிடி ஏதாவது ஒளிந்திருக்கும்.

ஜோலியட் போன்ற கிளைகளைத் தவிர வேறெதையும் ‘ஒய்’ என்று கெர்னலுக்குள்ளேயே பிணைக்க வேண்டாம். கணினியே குறுந்தகட்டிலிருந்து கிளம்ப வேண்டும், ஆனால் தொடக்கத்தில் மாட்யூல்களை ஏற்றித் தரும் இனிட்ராம்எஃப்எஸ் படிமம் இல்லை என்ற நிலையில்தான் அது தேவை. மற்றபடி மாட்யூல் போதும்.

#4 · பனங்காட்டான் · சனி, காலை 7.48

ஐயா, மிக்க நன்றி. இரவே தொகுத்துவிட்டேன். ‘எஸ்ஆர்0’ வந்துவிட்டது! ஆனால் தகட்டை மவுண்ட் செய்யும்போது, அதாவது ஓர் அடைவில் ஏற்றும்போது, ‘ஐஎஸ்ஓ9660 என்ற கோப்பு முறைமை வகையை அறியேன்’ என்கிறது. மாட்யூல் அடைவில் ‘ஐஎஸ்ஓ9660’ என்று தேடினேன், அந்தப் பெயரில் கோப்பே இல்லை. தொகுக்கும்போது பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.

#5 · பழுதுநீக்கி · சனி, காலை 8.20

கோப்பு முறைமையின் பெயர் ஐஎஸ்ஓ9660. மாட்யூலின் பெயர் ‘ஐசோஎஃப்எஸ்’. அதைத் தேடுங்கள். ‘ப்ராக்’ அடைவில் ‘ஃபைல்சிஸ்டம்ஸ்’ என்ற கோப்பையும் திறந்து பாருங்கள். கெர்னலுக்கு இந்த நொடியில் எந்தெந்த முறைமை தெரியும் என்ற பட்டியல் அதில் இருக்கும்.

#6 · ஏழாம் மாடி · சனி, காலை 9.02

பனங்காட்டான், ‘யூநேம்’ கட்டளை காட்டும் பதிப்பும் ‘லிப்’ அடைவுக்குள் ‘மாட்யூல்ஸ்’ அடியில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா? கெர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுதொடக்கம் செய்யாமல் விட்டால், ஓடிக்கொண்டிருப்பது பழைய கெர்னல், வன்தட்டில் இருப்பது புதிய மாட்யூல்கள். ஏற்கெனவே ஏற்றிய மாட்யூல்கள் ஓடும், அதனால் எதுவும் கெட்டதாகத் தெரியாது. மாதத்துக்கு ஒரு முறை தொடும் குறுந்தகடு போன்ற ஒன்றைத் தொட்டவுடன்தான் குட்டு வெளிப்படும். நான் இதில் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

#7 · பனங்காட்டான் · சனி, காலை 9.40

அக்கா, கிட்டத்தட்ட அதுதான். கெர்னலை நகலெடுத்து மறுதொடக்கம் செய்தேன். ‘எஸ்ஆர்’ மாட்யூலை மட்டும் கையால் எடுத்துப் போட்டேன், மற்றவற்றை நிறுவும் கட்டளையையே கொடுக்கவில்லை. இப்போது கொடுத்தேன், ‘ஐசோஎஃப்எஸ்’ ஏறியது, தகடு திறந்தது!

மகிழ்ச்சி ஐந்து நிமிடம்தான். அப்பாவின் தகட்டில் பத்து இரவுக்குப் பத்து எம்பி3 கோப்புகள் இருக்க வேண்டும். பட்டியலில் பத்து வரிகள் இருக்கின்றன. ஆனால் பெயரெல்லாம் கேள்விக்குறி. எண்ணிப் பார்த்தால், பத்து வரியிலும் வேறுபட்ட பெயர்கள் மூன்றுதான். மொத்தமாக நகலெடுத்தேன், மூன்று கோப்புகளே வந்தன. தகடு கெட்டுவிட்டதா? மனசே சரியில்லை.

#8 · கொக்கரக்கோ · சனி, காலை 9.44

பக்கத்து வீட்டுக்காரர் இந்நேரம் காப்பி குடித்து முடித்திருப்பார்.

#9 · நெடுங்கணக்கு · சனி, காலை 10.35

தகடு கெடவில்லை. கவலைப்படாதீர்கள். பெயர்கள் ‘முதல் நாள்’, ‘இரண்டாம் நாள்’ என்ற வகையில் இருந்தனவா? ஆம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏன் சரியாக மூன்று என்பதையும் சொல்லிவிட முடியும்.

ஐஎஸ்ஓ 9660 என்பது 1988இல் வந்த தரம். அதற்கு முன்னோடி, நெவாடாவில் டாஹோ ஏரிக்கரை விடுதி ஒன்றில் கூடிப் பேசியவர்கள் உருவாக்கிய ‘ஹை சியரா’. விடுதியின் பெயரே தரத்துக்கும் வந்தது. லினக்ஸின் இயக்கி அந்தப் பழைய வடிவத்தையும் இன்றுவரை அடையாளம் காண்கிறது. மூலத் தரத்தின் முதல் மட்டத்தில் கோப்புப் பெயர் எட்டெழுத்து, புள்ளி, மூன்றெழுத்து, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும். தமிழுக்கு இடமே இல்லை.

1995இல் மைக்ரோசாஃப்ட் ஜோலியட்டைக் கொண்டுவந்தது. தகட்டின் முதல் 16 செக்டர்களைத் தரம் தொடுவதில்லை. செக்டருக்கு 2048 பைட், ஆக 32768ஆம் பைட்டில்தான் முதல் விவரத் தாள் தொடங்குகிறது. ஜோலியட் அந்த முதன்மைத் தாளை அப்படியே விட்டுவிட்டு, அதன் பின்னே துணைத் தாள் ஒன்றைச் செருகுகிறது. அந்தத் துணைத் தாள் வழியே போனால் அதே கோப்புகளுக்கு இன்னொரு பெயர்ப் பட்டியல். இதில் ஒவ்வொரு குறியீடும் இரண்டு பைட் யூனிகோடு. உங்கள் அப்பாவின் தமிழ்ப் பெயர்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

சிக்கல் கெர்னல் அதை உங்களிடம் ஒப்படைக்கும் இடத்தில். இரண்டு பைட் குறியீட்டை எந்தக் குறியாக்கத்துக்கு மாற்றித் தர வேண்டும் என்பதை ‘நேட்டிவ் லேங்குவேஜ் சப்போர்ட்’ மெனுவில் இருக்கும் ‘டீஃபால்ட் என்எல்எஸ் ஆப்ஷன்’ தீர்மானிக்கிறது. கெர்னல் மூலத்தில் அதன் இயல்பு மதிப்பு ‘ஐஎஸ்ஓ8859-1’, மேற்கு ஐரோப்பிய எழுத்துகள். நீங்கள் அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள். மாற்ற முடியாத குறியீடு ஒவ்வொன்றுக்கும் இயக்கி ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு நகர்கிறது. பிழை என்று கத்துவதும் இல்லை.

இனிக் கணக்கு. யூனிகோடில் ‘மு’ என்பது இரண்டு குறியீடு, மகரமும் உகரக் குறியும். புள்ளியும் தனிக் குறியீடு. ‘முதல்’ ஐந்து, ‘ஆறாம்’ ஐந்து, ‘ஏழாம்’ ஐந்து. ‘ஐந்தாம்’, ‘எட்டாம்’, ‘பத்தாம்’ மூன்றும் ஏழேழு. ‘இரண்டாம்’, ‘மூன்றாம்’, ‘நான்காம்’, ‘ஒன்பதாம்’ நான்கும் எட்டெட்டு. ‘நாள்’ எல்லாவற்றிலும் நான்கு. பத்து இரவும் மூன்று பெயருக்குள் அடங்கிவிட்டன!

ஒரே பெயரில் பல கோப்புகள் இருக்கும்போது, பெயரைச் சொல்லிக் கேட்டால் இயக்கி அடைவில் முதலில் பொருந்துவதைத்தான் தரும். அடைவு யூனிகோடு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். ஆகவே உங்களுக்கு வந்த மூன்றும் ஆறாம் நாள், எட்டாம் நாள், இரண்டாம் நாள் ஆகியவையாக இருக்க வேண்டும். கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

தீர்வு ஒரே சொல். தகட்டைக் கழற்றிவிட்டு, மவுண்ட் கட்டளையில் ‘ஐஓசார்செட்’ என்ற விருப்பத்துக்கு ‘யூடிஎஃப்8’ என்று மதிப்புக் கொடுத்து மறுபடி ஏற்றுங்கள்.

#10 · பழுதுநீக்கி · சனி, காலை 10.41

‘யூடிஎஃப்8’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது ‘யூடிஎஃப்’ கோப்பு முறைமை என்று யாராவது எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். நீங்கள் சொல்வது யூனிகோடின் எட்டு பிட் வடிவம், ‘யூ-டி-எஃப்-8’. முன்னது ‘யுனிவர்சல் டிஸ்க் ஃபார்மட்’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ஒலி. ஆங்கிலத்தில் நடு எழுத்து மட்டும் வேறு.

#11 · நெடுங்கணக்கு · சனி, காலை 10.50

ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் ‘எட்டுபிட் யூனிகோடு’ என்றே சொல்கிறேன்.

#12 · பனங்காட்டான் · சனி, பிற்பகல் 1.15

ஐயா, நீங்கள் சோதிடரா? மூன்றையும் ஓட்டிக் கேட்டேன். கட்டியங்காரன் வாய் திறந்ததுமே எந்த இரவு என்று தெரிந்துவிடும். ஆறு, எட்டு, இரண்டு!

விருப்பத்தைக் கொடுத்ததும் பத்துப் பெயரும் தமிழில் வந்துவிட்டன. முழுதாக நகலெடுத்தேன். கெர்னலிலேயே அந்த இயல்பு மதிப்பை மாற்றினால் பென் டிரைவ் ஏதாவது கெடுமா?

#13 · நெடுங்கணக்கு · சனி, பிற்பகல் 2.00

கெடாது. பென் டிரைவில் வழக்கமாக இருக்கும் ஃபேட் கோப்பு முறைமைக்கு இயல்பு குறியாக்கம் தனி விருப்பம், அது அதன் மெனுவிலேயே இருக்கிறது. பல விநியோகங்கள் என்எல்எஸ் இயல்பை எட்டுபிட் யூனிகோடாக மாற்றித்தான் கெர்னலைத் தருகின்றன. அதனால்தான் கொக்கரக்கோவின் பக்கத்து வீட்டில் இந்தச் சிக்கல் வந்திருக்காது. சொந்தமாகக் கட்டுபவர்கள் மட்டும் மாட்டிக்கொள்வார்கள்.

ஒரு குறிப்பு. யுனிக்ஸ் பக்கத்தில் எழுதிய தகடுகளில் ‘ராக் ரிட்ஜ்’ என்ற நீட்சி இருக்கும். கோப்பு அனுமதிகள், குறியீட்டு இணைப்புகள், நீண்ட பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. அதற்குத் தனி விருப்பம் மெனுவில் கிடையாது, இயக்கியிலேயே கலந்திருக்கிறது. அதில் பெயர் என்பது வெறும் பைட்டுகள், கெர்னல் மாற்றம் எதுவும் செய்யாது. தகட்டில் இரண்டும் இருந்தால் லினக்ஸ் ராக் ரிட்ஜைத்தான் எடுக்கும். ஜோலியட்டைப் பார்க்க வேண்டுமானால் ‘நோராக்’ என்று மவுண்ட் விருப்பம் கொடுக்க வேண்டும்.

#14 · வல்லைவெளி · சனி, பிற்பகல் 3.22

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இறுவட்டு என்போம். எங்கள் நூலகத்தில் வருடிய பழைய மலர்களை இறுவட்டுகளில் சேமித்து வைத்திருந்தோம். மலரின் முழுத் தலைப்பையும் கோப்புப் பெயராக இட்டோம். பின்னர் திறந்தபோது பெயர்களின் வால் அறுந்திருந்தது. ஜோலியட்டின் எல்லை 64 குறியீடுகள் என்று அப்போது தெரியாது. நெடுங்கணக்கு சொன்ன கணக்குப்படி பார்த்தால் அது நாற்பது தமிழ் எழுத்துகளைச் சுற்றித்தான் வரும். புதிதாக இறுவட்டுப் படிமம் செய்பவர்கள் கவனிக்கவும். 103 குறியீடு வரை நீட்டிக்கொள்ளும் விருப்பம் எழுதும் கருவிகளில் உண்டு, ஆனால் அது தரத்துக்கு வெளியே.

ராக் ரிட்ஜிலும் 255 பைட் எல்லை இருக்கிறது. எட்டுபிட் யூனிகோடில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 85 குறியீடு. கொஞ்சம் பரவாயில்லை.

#15 · கொக்கரக்கோ · சனி, மாலை 5.10

கேலியை விட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன். டிரைவோடு வரும் மடிக்கணினியே இன்று அரிது. ஐஎஸ்ஓ9660, யூடிஎஃப் என்ற இந்த இரண்டு இயக்கிகளையும் இயல்பாகவே அணைத்து வைத்தால் என்ன? அப்பாவின் டப்பா வைத்திருப்பவர்கள் மட்டும் இயக்கிக்கொள்ளட்டுமே.

#16 · ஏழாம் மாடி · சனி, மாலை 6.25

இந்தக் கேள்விக்கு ஒரு வேலைநாள் முழுவதையும் விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் சர்வர்களைப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றின்படி இறுக்கினோம். சிஐஎஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு வெளியிடும் அளவுகோல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பயன்படாத கோப்பு முறைமைகளை முடக்கு என்ற பத்தியில் கிராம்எஃப்எஸ், எச்எஃப்எஸ் போன்றவற்றோடு யூடிஎஃப் பெயரும் வரும். மாட்யூல்களை ஏற்றும் மாட்ப்ரோப் நிரலின் கட்டமைப்பில் ஒரு வரி போட்டு, அந்த மாட்யூலை ஏற்றச் சொன்னால் எப்போதும் தோல்வியே தரும் ‘ஃபால்ஸ்’ நிரலை ஓட்டிவிட்டுத் திரும்பும்படி செய்தோம். எங்களில் ஒருவர் ஆர்வம் மிகுந்து ‘ஐசோஎஃப்எஸ்’ஸையும் அதே வரிசையில் சேர்த்துவிட்டார். சர்வருக்குக் குறுந்தகடு எதற்கு என்பது அவர் கேள்வி. அப்போது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் அந்த மூலப் படிமத்திலிருந்து எழுப்பிய மெய்நிகர் இயந்திரங்கள் எல்லாம் பெயரில்லாமல் எழுந்தன. தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவி இல்லை, யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. காரணம், புது இயந்திரத்துக்கு ‘உன் பெயர் இது, உன் சாவி இது’ என்று சொல்லும் சிறு தகவல் தொகுப்பு குறுந்தகட்டுப் படிமமாகத்தான் ஒட்டப்படுகிறது. கிளவுட்இனிட் நிரல் ‘சிஐடேட்டா’ என்று பெயரிட்ட ஐஎஸ்ஓ9660 படிமத்தை அல்லது ஃபேட் வட்டைத் தேடும். அஷ்யூர் கிளவுடில் அந்தத் தகடு யூடிஎஃப் வடிவம். சுழலும் தகடு என்ற பொருள் உலகில் ஒன்றுகூட மிஞ்சாமல் போனாலும் கிளவுடில் நிமிடத்துக்கு நிமிடம் மெய்நிகர்த் தகடு செருகப்பட்டுக்கொண்டே இருக்கும். விநியோகங்களின் நிறுவல் படிமங்களும் ஐஎஸ்ஓ வடிவம்தான்.

படிமக் கோப்பைத் தகடு போலத் திறக்க ‘லூப்பேக் டிவைஸ் சப்போர்ட்’டும் வேண்டும். டிரைவ் இல்லை என்பதால் ‘எஸ்ஆர்’ வெட்டலாம், அது கருவி. ஐசோஎஃப்எஸ் வெட்டாதீர்கள், அது வடிவம். அதுவும் மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் ‘எஸ்ஆர்’ கூட வேண்டியிருக்கும், அங்கே தகடு அந்த வாசல் வழியாகவும் வரும்.

#17 · கொக்கரக்கோ · சனி, மாலை 6.40

சரி, பீரங்கியை இறக்கி வைக்கிறேன்.

#18 · பீஎஸ்டி பித்தன் · சனி, இரவு 8.15

லினக்ஸ் போன்ற இன்னோர் இயங்குதளமான ஃப்ரீபீஎஸ்டியில் மெனு கிடையாது. கெர்னல் கட்டமைப்புக் கோப்பில் ‘ஆப்ஷன்ஸ் சிடி9660’ என்று ஒரு வரி. ஜெனரிக் கெர்னலில் அது இயல்பாகவே இருக்கிறது. குறியாக்க மாற்றத்துக்கு ‘சிடி9660_ஐகான்வ்’ என்று தனி மாட்யூல், மவுண்ட் செய்யும்போது கேட்டு வாங்க வேண்டும். யூடிஎஃப் அங்கே படிக்க மட்டும். ஓபன்பீஎஸ்டியிலும் இதேபோல் கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரிதான்.

#19 · பழுதுநீக்கி · சனி, இரவு 8.50

முடக்கச் சொல்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்நியத் தகட்டைச் செருகினால் அதைப் படிப்பது கெர்னலின் உள்ளேயே நடக்கிறது. ராக் ரிட்ஜில் ஓர் உள்ளீடு தன் இடத்துக்குள் அடங்காவிட்டால் ‘மீதி அந்த இடத்தில்’ என்று தொடர்ச்சிக் குறிப்பு எழுதலாம். அந்த இடத்திலும் இன்னொரு தொடர்ச்சிக் குறிப்பு இருக்கலாம். சுற்றி வந்து முதலிடத்தையே காட்டும்படி ஒருவர் வேண்டுமென்றே எழுதினால்? கெர்னல் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பதிவேட்டில் சிவிஈ-2014-9420 இதுதான். இப்போது முப்பத்திரண்டு தொடர்ச்சிக்கு மேல் போகாமல் நிறுத்திவிடுகிறார்கள். பொதுமக்கள் கைவைக்கும் கணினியில் தானாக மவுண்ட் ஆவதை நிறுத்தி வைப்பது நல்லது.

#20 · பனங்காட்டான் · ஞாயிறு, காலை 11.30

முப்பத்தேழு தகடுகள் முடிந்தன. நான்கு மிச்சம், நான்கும் நான்கு விதம்.

ஒன்று, பெயர் தமிழிலும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. தலையில் கொம்பும் வாலும் முளைத்த லத்தீன் எழுத்துகள், நடுவே முக்கால் என்ற பின்னக் குறி, சென்ட் நாணயக் குறி.

இரண்டு, ஐஎஸ்ஓ9660 என்றால் ஏற்க மறுக்கிறது. உறையில் அப்பா ‘அழித்து எழுதலாம்’ என்று எழுதியிருக்கிறார்.

மூன்று, கோப்புகள் ஒழுங்காக வந்துவிட்டன. ஆனால் முழுத் தகட்டையும் படிமமாக எடுக்கப் போனால் கடைசியில் உள்ளீட்டுப் பிழை.

நான்கு, கீறல். ஐந்தாம் இரவின் நடுவில் நிற்கிறது.

#21 · நெடுங்கணக்கு · ஞாயிறு, பிற்பகல் 12.10

முதல் தகடு எனக்கு! முக்கால் குறியைப் பார்த்ததும் மனம் இருபது ஆண்டு பின்னால் போய்விட்டது. அது டிஸ்கி, யூனிகோடு பரவுமுன் தமிழுக்குப் புழங்கிய குறியாக்கம். அந்தக் குறியாக்கத்தில் முக்கால் இருந்த இடத்தில் ‘த’, சென்ட் இருந்த இடத்தில் இகரக் கொக்கி. ‘தமிழ்’ என்ற சொல்லே முக்காலில்தான் தொடங்கும். தட்டச்சு செய்தவர் டிஸ்கி எழுத்துருவில் பெயர் வைத்திருக்கிறார். விண்டோஸ் அதை ஐரோப்பிய எழுத்து என்று நம்பி யூனிகோடாக மாற்றி ஜோலியட்டில் எழுதிவிட்டது. கெர்னல் தனக்குக் கொடுத்ததைச் சரியாகவே தருகிறது, இங்கே எந்த விருப்பத்தை மாற்றியும் பயனில்லை.

நகலெடுத்த பிறகு பெயரை இரண்டு படியில் மாற்றுங்கள். ‘ஐகான்வ்’ கட்டளையால் எட்டுபிட் யூனிகோடிலிருந்து, விண்டோஸின் ஐரோப்பியக் குறியாக்கமான ‘சிபி1252’க்கு. பழைய பைட்டுகள் திரும்பிவிடும். பிறகு அந்தப் பைட்டுகளை டிஸ்கியிலிருந்து எட்டுபிட் யூனிகோடுக்கு. லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சியின் ஐகான்வில் டிஸ்கி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சிபி1252இல் ஐந்து இடங்கள் காலி, பெயரில் அந்த ஐந்தில் ஒன்று வந்தால் முதல் படியிலேயே முரண்டு பிடிக்கும். அவற்றைக் கையால் திருத்திக்கொள்ளுங்கள்.

#22 · பழுதுநீக்கி · ஞாயிறு, பிற்பகல் 1.35

இரண்டாவது, யூடிஎஃப். அந்தக் காலத்தில் மறுபடி எழுதும் தகட்டை நெகிழ்வட்டு போல் இழுத்துப் போட்டுப் பயன்படுத்தும் மென்பொருள்கள் உண்டு. பொட்டலம் பொட்டலமாக எழுதும். வகையை ‘யூடிஎஃப்’ என்று கொடுத்து ஏற்றுங்கள், படிக்க அது போதும். மெனுவில் வேறோர் இடத்தில் ‘பாக்கெட் ரைட்டிங்’ என்று ஒன்று கண்ணில் படும். கைவிடப்படுகிறது என்று கெர்னலிலேயே குறித்திருக்கிறார்கள், அது எழுதுவதற்குத்தான், உங்களுக்கு வேண்டாம். டிவிடி படத் தகடுகளில் ஐஎஸ்ஓவும் யூடிஎஃபும் இரண்டும் பாலம் போட்டு இருக்கும், எந்த வகை கொடுத்தாலும் திறக்கும். புளூரே தகடென்றால் யூடிஎஃப் 2.50. லினக்ஸ் அதைப் படிக்கும், எழுதுவது 2.01 வரைதான்.

மூன்றாவது, நோயே இல்லை. ஒரே மூச்சில் எழுதாமல் தடம் தடமாக எழுதினால் தடத்தின் முடிவில் தரவு இல்லாத இரண்டு செக்டர்கள் விழும். டிரைவ் அவற்றையும் நீளத்தில் சேர்த்துச் சொல்லும், கெர்னல் போய்ப் படிக்க முயன்று பிழை காட்டும். இதனால்தான் பழைய எழுதும் கருவிகள் வாலில் 150 வெற்றுச் செக்டர்களை ஒட்டின. ‘ஐசோசைஸ்’ கட்டளை கோப்பு முறைமையின் உண்மை நீளத்தைச் சொல்லும். அந்த அளவோடு, படிமம் எடுக்கும் ‘டிடி’ கட்டளையை நிறுத்துங்கள்.

நான்காவது, மவுண்ட் செய்து நகலெடுப்பதை உடனே நிறுத்துங்கள். பழுதான வட்டிலிருந்து மீட்டெடுக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவை செக்டர் அளவு 2048 என்று கொடுத்து ஓட்டிப் படிமமாக எடுங்கள். நல்ல இடங்களை முதலில் அள்ளிவிட்டுக் கீறலுக்குப் பிறகு திரும்பும். படிமத்தை லூப் வழியாக ஏற்றிக் கோப்புகளை எடுக்கலாம். எம்பி3 என்பதால் நடுவில் சில நொடி விடுபட்டாலும் மீதி ஓடும்.

#23 · பனங்காட்டான் · திங்கள், இரவு 9.55

முதல் மூன்றும் வந்துவிட்டன. டிஸ்கித் தகட்டில் இருந்தது கூத்தே அல்ல, அப்பா எழுதி வைத்த பாத்திரப் பட்டியல்களும் வாத்தியார்கள் பெயர்களும். அழித்து எழுதும் தகட்டில் என் கல்யாண ஒலிப்பதிவு!

நான்காவது ஓடிக்கொண்டிருக்கிறது. பதினெட்டு மணி நேரமாயிற்று. கீறல் பகுதியில் பல நிமிடத்துக்கு ஒரு செக்டர்தான் நகர்கிறது. நிறுத்திவிட்டு டவுனில் வேறு டிரைவ் கேட்டுப் பார்க்கலாமா?

#24 · பழுதுநீக்கி · திங்கள், இரவு 10.10

தாராளமாக. டிரைவுக்கு டிரைவ் லேசர் கண் வேறுபடும், ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும். டிடிரெஸ்க்யூ எழுதும் வரைபடக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். புது டிரைவில் அதே படிமம், அதே வரைபடம் கொடுத்துத் தொடங்கினால் விட்ட செக்டர்களை மட்டும் தேடிப் போகும்.

#25 · வல்லைவெளி · திங்கள், இரவு 10.32

தகட்டை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். ஐந்தாம் இரவு கிடைத்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.